ஒரு ரூபாய் டிக்கெட்: மிச்சப் பணத்தைக் கட்டியது யார்?

எங்கள் வரிச்சிக்குடி டீக்கடையில் சில நாட்களுக்கு முன் ஒரு வாக்குவாதம் நடந்தது. மில் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் அறிய வேண்டிய விஷயம் அதில் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

துபாயில் கட்டிட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் இரண்டு வருஷத்துக்குப் பின் லீவில் வந்திருந்தான். முதல் நாள் இரவு 'சூரரைப் போற்று' படம் பார்த்திருக்கிறான். அந்த உற்சாகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, சங்கம், கொடி, ஊர்வலம்னு காலம் பூரா கத்துறீங்க. ஏழையைப் பிளேன்ல ஏத்துனது யாரு? ஒரு முதலாளிதானே? ஒரு ரூபாய்க்கு டிக்கெட் குடுத்தாரே! உங்க சங்கம் என்ன குடுத்துச்சு?"

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் குறுக்கிட்டார். ஆயுள் முழுவதும் அடுத்தவன் வயலில் அண்டை வெட்டிய மனிதர்.

"ஏம்ப்பா, பிளேனுக்கு எண்ணெய் ஊத்தணும், ஓட்டுற ஆளுக்குச் சம்பளம் குடுக்கணும். நீ ஒரு ரூபா குடுத்தா, மிச்சத்தை யாரு கட்டுறது?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் பெரியவர் கேட்டது பொருளாதார சாஸ்திரம் படித்தவர்களும் கேட்கத் தவறிய கேள்வி. இந்தக் கட்டுரை அதற்குப் பதில்.

கேப்டனுக்கு உரிய மரியாதை

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அந்தப் படத்துக்கு ஆதாரமான வாழ்க்கை கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்துடையது. கர்நாடகத்தில் ஹாசன் ஜில்லா கோரூரைச் சேர்ந்தவர். பள்ளி ஆசிரியரின் மகன். ராணுவத்தில் இருந்தார், 1971 யுத்தத்தைக் கண்டவர். ஹேமாவதி அணை கட்டியபோது அவர் குடும்ப நிலம் நீரில் மூழ்கியது. மாற்றாகக் கிடைத்த தரிசில் இறங்கி விவசாயம் செய்தார். பிறகு ஹெலிகாப்டர் கம்பெனி. 2003 ஆகஸ்டில் ஏர் டெக்கான் விமானச் சர்வீஸ்.

அதுவரை இந்த நாட்டில் ஆகாய விமானம் யாருடையது? மந்திரியுடையது, மில் முதலாளியுடையது, கம்பெனி மானேஜருடையது. ரயிலில் மூன்றாம் வகுப்பு என்று ஒன்றாவது இருந்தது. ஆகாயத்தில் அதுவும் இல்லை. அந்தக் கதவை உதைத்துத் திறந்தவர் கோபிநாத். ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'சாமானிய மனிதன்', கட்டம் போட்ட சட்டையும் வேட்டியுமாக நிற்பானே, அவனையே தம் கம்பெனியின் அடையாளமாக வைத்தார். ஹூப்ளி போன்ற சிறு ஊர்களுக்கு விமானம் விட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தொட்டார். வாழ்நாளில் விமானத்தின் வாசற்படியை மிதிக்காதவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள்.

இதை மறுப்பவன் பொய்யன். உழைக்கும் மனிதன் தலைக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்க்க மட்டும் பிறந்தவன் என்ற திமிரை அவர் உடைத்தார். அதற்காக அவரை நினைவுகூர்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் நினைவுகூர்வது வேறு, கும்பிடுவது வேறு. கும்பிடுகிறவன் கணக்குக் கேட்க மாட்டான்.

மலிவு எங்கிருந்து வந்தது?

ஒரு ரூபாய் டிக்கெட் விமானம் நிறையக் கொடுக்கப்பட்டதா? இல்லை. சில இருக்கைகள்; அதுவும் முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்கு. வரியும் இதர கட்டணமும் தனி. கடைசி நேரத்தில், ஊரில் சாவு என்று ஓடி வருபவனுக்கு அந்த விலை கிடையாது. எவனுக்கு அவசரமோ அவனிடம் அதிகம் வாங்குவதுதான் இந்த வியாபாரத்தின் சூத்திரம்.

மிச்சம் எப்படிச் சேர்ந்தது? இலவசச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். உயர்ந்த வகுப்பை எடுத்தார்கள். இரண்டு வகுப்புகளோடு ஏறக்குறைய 150 பேரை ஏற்றிய அதே ஏர்பஸ் விமானத்தில் 180 இருக்கை போட்டார்கள். ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்காமல் கம்ப்யூட்டர் மூலம் டிக்கெட் விற்றார்கள். இதில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. வீண் ஆடம்பரத்தைக் குறைத்து நாலு பேரைக் கூடுதலாக ஏற்றுவது நல்ல காரியமே.

ஆனால் சூத்திரத்தின் மறுபாதியைப் பாருங்கள். இறங்கிய விமானம் அரைமணிக்குள் மறுபடி கிளம்ப வேண்டும். அந்த அரைமணியில் பிரயாணிகள் இறங்க வேண்டும், குப்பை அள்ள வேண்டும், மூட்டை இறக்கி மூட்டை ஏற்ற வேண்டும், எண்ணெய் நிரப்ப வேண்டும், இயந்திரம் பார்க்க வேண்டும். யார் செய்கிறார்கள்? விமானத்தின் மேல் பெயர் எழுதியிருக்கும் முதலாளியா? கொதிக்கும் தார்த் தரையில் நிற்கும் காண்டிராக்ட் தொழிலாளி செய்கிறான்.

மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவனை நாலு சைடு பார்க்கச் சொல்லி, அதற்கு 'சீரமைப்பு' என்று பேர் வைத்தார்களே, அதே வித்தைதான். நூலின் விலை குறைந்ததா, கூலியின் விலை குறைந்ததா என்று அன்று கேட்டோம். அதே கேள்வி ஆகாயத்துக்கும் உண்டு.

சினிமாவில் இல்லாத பாகம்

படம் கதாநாயகனின் வெற்றியோடு முடிகிறது. ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். வாழ்க்கை அங்கே முடியவில்லை.

ஏர் டெக்கான் பறந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் அதே வியாபாரத்தில் வேறு கம்பெனிகள் இறங்கின. ஒருவன் விலையை ஒருவன் வெட்டினான். நஷ்டம் ஏறியது. 2007-இல் சாராய முதலாளி விஜய் மல்லையாவின் கூட்டம் 550 கோடி ரூபாய்க்கு ஏர் டெக்கானில் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. பிறகு பிடி இறுகியது. 2008-இல் டெக்கான் என்ற பேரே போய், 'கிங்பிஷர் ரெட்' ஆயிற்று. 2011-இல் மலிவு விமானமே வேண்டாம் என்று அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். சாமானிய மனிதன் வேட்டியோடு வந்தான். எட்டே வருஷத்தில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு நடந்தது என்ன? 2012-இல் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. விமானி, இஞ்சினீயர், பணிப்பெண், மூட்டை தூக்குபவர் எல்லோரும் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார்கள். அக்டோபரில் வேலைநிறுத்தம் வெடித்தது, விமானங்கள் நின்றன, லைசென்ஸ் நிறுத்திவைக்கப்பட்டது. வங்கிகளுக்கு நிலுவை வட்டியோடு சுமார் 9,000 கோடி ரூபாய். மல்லையா 2016 மார்ச்சில் லண்டனுக்குப் பறந்தார். அந்தப் பிரயாணத்துக்கு அவர் மலிவு டிக்கெட் தேடியிருக்க மாட்டார்!

அவருடைய சொத்துக்களிலிருந்து 14,000 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிகளுக்கு மீட்டுக் கொடுத்ததாக 2024 டிசம்பரில் சர்க்காரே நாடாளுமன்றத்தில் சொன்னது. சரி, தொழிலாளியின் பாக்கி? கம்பெனி நின்று 13 வருஷம் கழித்து, 2025 டிசம்பரில்தான், ஊழியர் பாக்கிக்கென்று 300 கோடிக்கு மேற்பட்ட தொகையை விடுவிக்க வழி பிறந்தது. வட்டிக்காரனுக்கு முதல் பந்தி. வேர்வை சிந்தியவனுக்குக் கடைசிப் பந்தி. இந்தக் காட்சியை எந்தப் படம் காட்டியது?

பெரியவரே, உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான். மிச்சப் பணத்தில் ஒரு பங்கைக் கட்டியவர்கள் சம்பளம் வராத அந்தத் தொழிலாளிகள்.

லண்டனிலும் இதே கதை

இது நம் நாட்டு விசேஷம் என்று எண்ண வேண்டாம். கோபிநாத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே இங்கிலாந்தில் பிரெடி லேக்கர் என்று ஒருவர் இருந்தார். விமானத் தொழிற்சாலையில் தரை கூட்டி, டீ போட்டுக் கொடுத்து வாழ்க்கையைத் தொடங்கியவர். 1977-இல் 'ஸ்கைடிரெயின்', அதாவது ஆகாய ரயில், என்ற சர்வீஸை லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விட்டார். ஒரு வழிக்கு 59 பவுன். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏற வேண்டியது.

பெரிய கம்பெனிகள் சும்மா இருந்தனவா? தங்கள் கட்டணத்தையும் அந்த மட்டத்துக்கு இறக்கின. 1982 பிப்ரவரியில் லேக்கர் கம்பெனி திவாலாயிற்று. பெரிய கம்பெனிகள் கூடிச் சதி செய்தன என்று அமெரிக்கக் கோர்ட்டில் வழக்கு வந்தது. 1985-இல் பல கோடி பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆனால் நின்ற ஆகாய ரயில் மறுபடி ஓடவில்லை. லேக்கர் 2006-இல் காலமானார்.

இவர் கோழை என்றோ அவர் துரோகி என்றோ நாம் சொல்லவில்லை. ஒரு மனிதன் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும், லாபத்தை அடிப்படையாகக் கொண்ட சந்தையில் மலிவு என்பது எதிரியை விழுங்கும்வரை போடும் தூண்டில் இரை. மீன் மாட்டிய பின் எவனும் இரை போடுவதில்லை.

சந்தேகமா? 2025 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தது இண்டிகோ என்ற ஒரே கம்பெனி. விமானிகளுக்கு வாரம் 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 மணியாக்கும் விதி வந்தது. களைத்துப்போன விமானி ஓட்டினால் ஏறியவன் உயிர் போகுமே! விதி வரப்போவது முன்கூட்டியே தெரியும். இருந்தும் தேவையான ஆளை வைக்கவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. மற்றக் கம்பெனிகளின் டிக்கெட் விலை வானத்தைத் தொட்டது. சர்க்கார் தலையிட்டு 18,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. அதே சர்க்கார் விமானிகளின் ஓய்வு விதியிலிருந்து அந்தக் கம்பெனிக்குத் தற்காலிக விலக்கும் கொடுத்தது. ஏகபோகம் இருமினால் சட்டம் படுத்துக்கொள்கிறது.

கூலிக்கு மலிவுப் பிரயாணம் புதிதா?

தம்பி, உனக்கு இன்னொரு சங்கதி. காரைக்கால் மண்ணிலிருந்து ஏழையைத் தூரதேசத்துக்கு ஏற்றியது ஏர் டெக்கானுக்கு முந்திய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு சர்க்கார் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் முன்னோரை ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏற்றியது. கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தால் போதும், டிக்கெட்டே கேட்கவில்லை. ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை! அந்தத் தோட்ட முதலாளிகளை ஏழை பங்காளர் என்று போற்றலாமா?

பின்னால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 'ரஜூலா' கப்பல் போயிற்று. மேல்தட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். மலிவுக் கட்டணம்தான். போன இடத்தில் ரப்பர் மரம் காத்திருந்தது.

முதலாளிக்குக் கூலியாள் தேவைப்படும்போதெல்லாம் பிரயாணம் மலிவாகும். இது சரித்திரம்.

வளைகுடாவுக்குப் போகும் உன் போன்ற தொழிலாளிக்கு மலிவு விமானம் வந்த கதையையும் கேள். அங்கே உழைக்கும் மலையாளிகள் வருஷக்கணக்காகக் கட்டணக் கொள்ளைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பிறந்தது. அதை விட்டது எந்த முதலாளி? ஒருவரும் இல்லை. ஜனங்களின் சொத்தான பொதுத்துறை விட்டது. ஜனங்கள் கேட்டதால் விட்டது. உன்னைப் போன்றவர்கள் திருச்சியிலிருந்து ஏறிப் போகிறார்களே, அந்தக் கம்பெனிதான்.

அதையும் விட்டுவைத்தார்களா? 2022 ஜனவரி 27-இல் ஏர் இந்தியாவோடு சேர்த்து டாட்டா கையில் ஒப்படைத்தார்கள். 18,000 கோடி விலை என்றார்கள். அதில் ரொக்கம் 2,700 கோடி, மீதி கடனை ஏற்பது. இரண்டு வருஷம் கழித்து, 2024 மே மாதம், அதன் பணியாளர்கள் பொறுக்க முடியாமல் ஒட்டுமொத்தமாக மருத்துவ லீவு போட்டார்கள். கம்பெனி சுமார் 25 பேரை வேலைநீக்கம் செய்தது. ஒற்றுமை உடையவில்லை, லேபர் கமிஷனர் முன்னிலையில் அந்த உத்தரவை வாபஸ் வாங்க வேண்டி வந்தது. சங்கம் என்ன கொடுத்தது என்று கேட்டாயே, இதுதான் கொடுத்தது. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி சவானா மில் வாசலில் 12 தொழிலாளிகள் குண்டடிபட்டுச் செத்தார்களே, அந்தப் போராட்டத்திலிருந்து பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலை நேரம் வந்தது. அதுவும் எவரும் போட்ட பிச்சை அல்ல.

செருப்புப் போட்டவன் பறந்தானா?

ரப்பர் செருப்புப் போட்டவனும் விமானத்தில் பறப்பான் என்று பிரதமர் மோடி 2017-இல் 'உடான்' திட்டத்தைத் தொடங்கினார். கணக்குத் தணிக்கை அதிகாரி 2023-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழித்தடங்களில் 403-இல் விமானம் கிளம்பவே இல்லை. சலுகைக் காலம் முடிந்த பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு! மானியம் நின்றால் முதலாளியின் தேசபக்தியும் நின்றுவிடுகிறது. காரைக்காலுக்கும் விமான நிலையம் வரும் என்று மத்திய சர்க்கார் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துப் பல வருஷம் ஆயிற்று. விமானம் இன்னும் வந்தபாடில்லை.

இன்னொரு கணக்கு. 2024-இல் உள்நாட்டு விமானங்களில் நடந்த பிரயாணம் சுமார் 16 கோடி. இந்திய ரயில் வருஷத்தில் ஏற்றுவது சுமார் 690 கோடி. விமானங்கள் எல்லாம் சேர்ந்து வருஷம் பூரா ஏற்றும் கூட்டத்தை ரயில் ஒன்பது நாளுக்குள் ஏற்றிவிடுகிறது. அந்த ரயிலில் கிழவனுக்கும் கிழவிக்கும் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் பறித்தார்கள். கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. நம் பேரளம்-காரைக்கால் ரயில் 1980-களில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தை மறுபடி போட முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாத்து நடப் போகிறவளுக்கு எந்த வாகனம் முதலில் வேண்டும்? ஆகாய ரயிலா, தரை ரயிலா?

விமான நிலையம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யார் நிலத்தில், யாருக்காக, யார் கையில் என்று கேட்கிறோம். காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் விமான நிலையத்துக்காக நிலத்தை இழக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் ஜனங்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். நிலம் வைத்திருப்பவனுக்காவது நஷ்ட ஈடு என்று ஒன்று உண்டு. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவனுக்கு என்ன உண்டு? நம் வாஞ்சூர்த் துறைமுகத்தையே பாருங்கள். கடனில் மூழ்கிய தனியார் துறைமுகத்தை 2023-இல் அதானி 1,485 கோடிக்கு எடுத்துக்கொண்டார். வங்கிகளுக்கு வர வேண்டியது அதைவிட அதிகம். வானத்தில் நடந்த அதே நாடகம்தான் நம் கடற்கரையிலும் நடந்தது.

பெரியவருக்குப் பதில்

ஆகவே பெரியவரே, ஒரு ரூபாய் போக மிச்சத்தைக் கட்டியவர்கள் இவர்கள்: தார்த் தரையில் ஓடிய காண்டிராக்ட் தொழிலாளி, சம்பளம் வராமல் பதின்மூன்று வருஷம் காத்த ஊழியர், கடைசி நேரத்தில் பல மடங்கு விலை கொடுத்த அவசரக்காரன், வங்கியில் காசு போட்ட சாமானிய ஜனங்கள். மலிவைக் கண்டுபிடித்தது ஒரு மனிதராக இருக்கலாம். சுமந்தது ஆயிரக்கணக்கானவர்கள்.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "இந்த லீவுக்கு வர என்ன கொடுத்தாய்?" அவன் சற்றுத் தயங்கினான். "பண்டிகைச் சமயம் அண்ணே... போனப்போ குடுத்ததைப் போல ரெண்டரை மடங்கு. ஒன்றரை மாசச் சம்பளம் அதுலேயே போச்சு" என்றான். பெரியவர் அவன் தோளைத் தட்டினார். "அப்ப நீயும்தான் கட்டியிருக்கே!"

தோழர்களே! கேப்டன் கோபிநாத் திறந்த கதவு மூடாமல் இருக்க வேண்டுமானால், அதில் ஒரு முதலாளியின் காலை வைத்தால் போதாது; நம் எல்லோருடைய காலும் வேண்டும். பண்டிகைச் சமயத்தில் வளைகுடாத் தொழிலாளியைக் கொள்ளையடிக்கும் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு கேட்போம்! ஒரு கம்பெனி திவாலானால் தொழிலாளியின் சம்பளத்துக்கே முதல் உரிமை என்போம்! ஜனங்களின் விமானம் ஜனங்களுக்கே வேண்டும் என்போம்! பறித்த ரயில் சலுகையைத் திருப்பிக் கொடு என்போம்!

ஒரு ரூபாய்க்கு எவனாவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வரிச்சிக்குடிப் பெரியவரின் கேள்வியைக் கேட்காமல் கும்பிட்டுவிடாதீர்கள்.